நடுவில் நான்கு பலகை

சுத்தியல் சத்தம் விடியும்போதே ஆற்றுப் பக்கமிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது. கனிஷாய் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள், ஜன்னல் வரை போய்விட்டு வந்து மறுபடியும் எடுத்தாள். உட்கார்ந்தால் இடுப்பு வலித்தது. நின்றால் கால் கனத்தது. நடந்தால் வயிற்றிலிருந்த பிள்ளையும் கூடவே நடப்பதுபோல உதைத்தது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது பிள்ளைக்குத் தெரியாதே என்பதுதான் அவள் கவலை.

ஒரு பலகைக்கு எட்டு ஆணி. ஓர் ஆணிக்கு ஐந்து அடி. நாற்பது அடி விழுந்தால் பாலம் ஒரு சாண் நீளும். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் காது தானாக எண்ணிக்கொண்டிருந்தது. காரா-புலுன் கிராமத்தில் அன்றைக்குப் பாலம் நீளக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள் அவள்தான்.

ஏப்ரல் கடைசியில் சாரி-சூ ஆறு பழைய நடைபாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் இந்தக் கரை. தார் ரோடும் ஆஸ்பத்திரியும் அந்தக் கரை. காலையில், மலையில் பனி உருகுவதற்கு முன், தண்ணீர் முழங்காலளவு நிற்கும். டிராக்டரும் குதிரையும் அப்போது இறங்கிக் கடக்கலாம். வெயில் ஏறினால் ஆறும் ஏறும். மத்தியானத்துக்கு மேல் தண்ணீருக்கு அடியில் கற்கள் உருளுகிற சத்தம் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கே கேட்கும்; அதற்குப் பிறகு இங்கிருந்து அங்கே போக வழியில்லை.

ஊர் அஷார் கூட்டிவிட்டது. புகை வரும் வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள், கூலி கிடையாது, வேலை முடிகிற அன்று எல்லோருக்குமாக ஓர் ஆடு. வீடு கட்டுவதும் வாய்க்கால் தோண்டுவதும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதும் அந்த ஊரில் அப்படித்தான். கூட்டுப்பண்ணைக் காலத்து லாரிகள் இரண்டு துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றின் அடிச்சட்டங்களைக் கழற்றி, நடு ஆற்றில் கல் அடுக்கி, அதன் மேல் முட்டுக்கு முட்டு வைத்துவிட்டார்கள். பலகைக்கு வீடு வீடாகக் கேட்டார்கள். ஒருவர் தொழுவத்துக் கதவையே கழற்றிக் கொடுத்தார். அஷாரை முன்நின்று நடத்துவது கனிஷாயின் கணவன் எர்மெக்.

கனிஷாய் கிராம அலுவலகத்தில் செயலாளர். வண்டி போகும் பாலம் வேண்டும் என்று இரண்டு வருஷத்தில் பதினோரு மனு எழுதியிருந்தாள். பதினோராவது மனுவுக்குப் போன வாரம் பதில் வந்தது. வியாழக்கிழமை மாவட்ட ஆய்வுக் கமிஷன் இடத்தைப் பார்க்க வரும். கடக்க வழியே இல்லாத ஊர்களுக்கு முன்னுரிமை. அந்தக் கடைசி வரியை அவள் எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இன்று செவ்வாய்க்கிழமை.

ரம்பம் எடுக்க எர்மெக் வீட்டுக்கு வந்தான். தலையெல்லாம் மரத்தூள்.

"இன்னும் சாப்பிடலியா நீ?"

"எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"ரெண்டு கரையிலேருந்தும் அடிச்சு வர்றோம், பாதிக்கு மேல ஆச்சு. நாளைக்கு சாயங்காலம் நீ நடந்தே அக்கரைக்குப் போயிரலாம்."

"வியாழக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைங்கன்னு நேத்தே சொன்னேன்."

எர்மெக் ரம்பத்தின் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "சொன்ன."

"அவங்க வந்து பார்த்து, பாலம் இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சது. மேலூர்க்காரங்களுக்கு என்ன ஆச்சு? அவங்களே கட்டிக்கிட்டாங்க, பட்டியல்லேருந்து பேரை அடிச்சாச்சு. இன்னிக்கும் அந்த ரெண்டு கட்டை மேலதான் நடக்கிறாங்க."

"நடக்கிறாங்கல்ல? நாம இப்போ நடக்கக்கூட முடியல."

"நான் கேக்கிறது வெறும் ரெண்டு நாள்."

"ரெண்டு நாளுக்குள்ள உனக்கு வலி வந்தா? சாயங்காலம் வந்தா? தண்ணி இடுப்புக்கு மேல ஓடும்போது வந்தா?" அவன் குரல் உயரவில்லை, அடங்கித்தான் போனது. "யாரோ வருவாங்கன்னு ஒரு தடவை உக்காந்திருந்தது போதாதா? ஆம்புலன்சுக்காக மூணு மணி நேரம் உக்காந்திருந்தேனே, கனிஷாய். நான் ஒருத்தன். கையைக் கட்டிக்கிட்டு."

அந்தப் பேச்சை அவர்கள் எடுப்பதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபர் மாதம் அது. மூன்று மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது, அக்கரையில் நின்றது. வலியெடுத்த கனிஷாயை எட்டுப் பேர் கம்பளத்தில் வைத்துத் தூக்கினார்கள். பாலத்தில் எட்டுப் பேர் போக முடியாது, நாலு பேராகக் குறைந்தார்கள். பிறகு இரண்டு பேரானார்கள். பாலத்தின் நடுவில் பெண் குழந்தை பிறந்தது. அது அழவேயில்லை.

"நீங்க மூணு மணி நேரத்தை நினைச்சுக்கிட்டிருக்கீங்க," என்றாள் கனிஷாய். "நான் வீட்டுலேருந்து வண்டி வரைக்கும் இருந்த அந்த நானூறு அடியை நினைச்சுக்கிட்டிருக்கேன். வண்டி நின்னுச்சு. உள்ள விளக்கு எரிஞ்சுது. ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்துச்சு, டாக்டரம்மா இருந்தாங்க. பாலமும் இருந்துச்சுல்ல? நாமளே கட்டுன பாலம். அந்த வண்டி அதுல வர முடியல."

எர்மெக் வாசல் வரை போனான். போனவன் திரும்பினான்.

"பெரியப்பாகிட்ட கேளு. அஷாரை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது."

அவளும் அவன் பின்னாலேயே இறங்கினாள்.

ஆற்றங்கரையில் இருபது ஆம்பிளைகள், பத்துப் பெண்கள். பெரிய கொப்பரையில் தேநீர் கொதித்தது. எர்மெக்கின் தமக்கை புருல் எண்ணெய்ச் சட்டியில் மாவுருண்டைகளைப் போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தாள். கனிஷாய் வருவதைப் பார்த்ததும் கரண்டியை ஆட்டினாள்.

"வாடியம்மா, மேற்பார்வை அதிகாரி! முன்னால வயிறு வருது, அரை மணி கழிச்சு நீ வர்ற."

"அக்கா, பெரிய மாமா எங்க?"

எர்மெக்கின் பெரியப்பா அசனாலி ஒரு பாறை மேல் உட்கார்ந்து, யார் எந்த ஆணியைக் கோணலாக அடிக்கிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பெயரைக் கனிஷாய் மனுக்களில் எழுதியிருக்கிறாள், வாயால் சொன்னதில்லை. புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். கடிதத்தின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொன்னாள். சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அப்படின்னா, நாம பாலம் கட்டினா அவங்க பாலம் கட்ட மாட்டாங்க," என்றார் அசனாலி.

"ஆமா மாமா."

"நாம கட்டாம விட்டா அவங்க கட்டுவாங்களா?"

"கட்ட வாய்ப்பிருக்கு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "எங்கப்பாவுக்கும் இதே வாய்ப்பு இருந்துச்சு," என்றான் ஒருவன். "தாத்தாவுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு!" என்றான் இன்னொருவன்.

"சிரிங்க," என்றாள் கனிஷாய். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உங்க ஆடு நடக்க இந்தப் பாலம் போதும். உங்க வீட்டுல ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா எந்தப் பாலத்துல தூக்கிட்டுப் போவீங்க? எனக்காகக் கேக்கலை. வெள்ளிக்கிழமை காலையில டிராக்டர்ல நான் அக்கரைக்குப் போயிருவேன், ஆஸ்பத்திரியில இடம் சொல்லி வச்சாச்சு. வியாழக்கிழமை மட்டும் இது முடியாம இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. அவளுடைய அக்டோபரை அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கம்பளத்தைப் பிடித்த எட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள்.

அசனாலி தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நடுவுல, ரெண்டு சட்டமும் சேர்ற இடத்துல, நாலு பலகையை விட்டுருங்க. மிச்சத்தை அடிங்க. அவங்க வந்து பார்த்துட்டுப் போன பின்னாடி அடிச்சுக்கலாம். நாலு பலகை அடிக்க எவ்வளவு நேரமாகும், எர்மெக்?"

"ஒரு மணி நேரம்."

"அவ்வளவுதானே. மருமக மனசு நிம்மதியா இருக்கட்டும்."

மனசு நிம்மதியாக இல்லை. அன்றும் மறுநாளும் அவள் ஆற்றங்கரைக்கு ஏழெட்டு முறை போனாள். இரண்டு பக்கமும் நீலம், பச்சை, காவி என்று ஒட்டுப்போட்டதுபோலப் பாலம் நீண்டு வந்து நடுவில் நின்றது. அந்த நான்கு பலகை அகலத்தின் வழியாகக் கலங்கிய தண்ணீர் தெரிந்தது. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கப் போவாள்; இருக்கிறதைப் பார்த்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொள்ளும். வயிறு இறுகி இறுகித் தளர்ந்தது. புருல் தொட்டுப் பார்த்து, "இது பொய் வலி," என்றாள். பொய்யெல்லாம் இவ்வளவு உறுதியாக இருக்குமா என்று கனிஷாய்க்குச் சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை மாலை அலுவலகத் தொலைபேசியில் கமிஷன் பேசியது. நாளை மத்தியானம் ஒரு மணி. எஞ்சினியர் ஒருவர், படம் எடுக்க ஒரு பெண், டிரைவர். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டே கனிஷாய் அதைப் புருலிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் நினைப்பெல்லாம் ஒரு மணிக்கு ஆறு எவ்வளவு பயங்கரமாக இருக்கும், எஞ்சினியர் அக்கரையில் நின்று அதைப் பார்த்தாலே போதும் என்பதில்தான் இருந்தது. புருலின் முகம் மாறியதை அவள் கவனிக்கவில்லை.

"மூணு பேரு," என்றாள் புருல். "மத்தியானச் சாப்பாட்டு நேரம்."

"ம்."

"அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க."

"ஆமாக்கா," என்றாள் கனிஷாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை முழுவதும் அவள் அலுவலகத்தில் இருந்தாள். பழைய மனுக்களை வரிசைப்படுத்தினாள், ஊர் ஜனத்தொகை, நோயாளிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று பட்டியல் எழுதினாள். எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள். வளைவு திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

இடைவெளி இல்லை.

நான்கு பலகையும் அடித்தாகிவிட்டது. ஒரு பக்கம் கைப்பிடிக் கயிறுகூடக் கட்டியிருந்தார்கள். பாலத்தின் இந்த முனையில் புருலின் சீதனக் கம்பளம் விரித்திருந்தது. அதற்கப்பால் பாப்ளர் மர நிழலில் விரிப்பு, திண்டு, கிண்ணங்கள். கொப்பரையில் ஆட்டுக்கறி கொதித்த வாசனை ஆறு முழுக்கப் பரவியிருந்தது. ஆம்பிளைகள் தலையில் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எர்மெக் சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் கனிஷாய்.

"விருந்தாளிங்கடி," என்றாள் புருல், இதைவிட ஒரு விளக்கம் வேண்டுமா என்பதுபோல. "அக்கரையில வெறும் கல்லு. நிழல் கிடையாது. அங்க உக்கார வச்சு ரொட்டி போட்டு அனுப்பச் சொல்றியா? நாளைக்கு நாலு ஊர்ல என்ன பேசுவாங்க? காரா-புலுன்காரங்க ஆத்துக்கு இந்தப் பக்கம் கறி வேகுறதைக் காட்டிட்டுப் பசியோட அனுப்பிட்டாங்கன்னு பேசுவாங்க."

"பாலம் இல்லைன்னு காட்டத்தானே அவங்களை வரச் சொன்னது!"

"காட்டலாமே," என்றார் அசனாலி. அவரும் கொஞ்சம் கலங்கித்தான் போயிருந்தார். "நேத்து வரைக்கும் இல்லைன்னு சொல்லுவோம். சாப்பிட்டவங்க நம்ப மாட்டாங்களா?"

கனிஷாய் எர்மெக்கைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எல்லாரும் ஒரே பேச்சாச் சொன்னாங்க," என்றான். "நான் ஒருத்தன் எப்படி மாட்டேன்னு சொல்றது? வர்றவங்களைத் தண்ணியில இறக்கவா முடியும்?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் அவளை அதிகமாகக் கோபப்படுத்தியது. அவளே சின்ன வயசிலிருந்து ஒரு விருந்தாளியையும் வாசலில் நிறுத்திப் பழகியதில்லை. பதிலுக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கரையில் சாம்பல் நிற ஜீப் வந்து நின்றது.

எஞ்சினியர் மாம்பெத் ஐம்பது வயசுக்காரர், குண்டான உடம்பு, நல்ல சிரிப்பு. பாலத்தில் குதித்துப் பார்த்தார், கயிற்றை ஆட்டிப் பார்த்தார், கம்பளத்தை மிதிக்காமல் ஓரமாக இறங்கினார். கூட வந்த பெண் ஒவ்வொரு பலகையையும் படம் எடுத்தாள்.

"நீங்களே கட்டினதா? எத்தனை நாள்?"

"ஒன்பது நாள்!" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"பிரமாதம்! யார் தலைமை?"

எல்லோரும் கனிஷாயைப் பார்த்தார்கள். அதிகாரிகளோடு பேசுவது அவள் வேலை. அவள் பெரிய மாமாவின் பெயரை ஒரு தாளில் எழுதி நீட்டினாள். மாம்பெத் படித்துவிட்டுப் புரிந்துகொண்டு சிரித்தார். "எங்க வீட்டுலயும் இப்படித்தான். என் பேரையே என் தம்பி பொண்டாட்டி பதினெட்டு வருஷமா சொன்னதில்லை."

சாப்பாடு ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஆட்டுத் தலையை மாம்பெத்துக்கு வைத்தார்கள். அவர் முறைப்படி காதை அறுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கனிஷாய் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எழுந்தாள், கரை வரை நடந்தாள், திரும்பினாள். ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. நடுவில் சட்டங்கள் சேரும் இடத்தில் தண்ணீர் பலகைக்கு ஒரு சாண் கீழே ஓடியது. வயிறு இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியபோது அவள் அறியாமலே பல்லைக் கடித்தாள்.

அசனாலி கையேந்தி, அஷார் நல்லபடி முடிந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மாம்பெத் பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தார்.

"எழுதிட்டேன். கடக்கும் வழி உள்ளது, ஊர் மக்களே சீரமைத்துள்ளார்கள், பாராட்டுக் கடிதம் வழங்கலாம். செயலாளர் கையெழுத்து இங்க போடும்மா."

பாராட்டுக் கடிதம் என்றதும் இரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள். கனிஷாய் பேனாவை வாங்கவில்லை.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

புருல் அவள் முழங்கையை இழுத்தாள். "விருந்தாளிங்க முன்னால என்னடி இது!"

"சார், நான் உங்களை ஒண்ணும் கஷ்டப்படுத்தலை. இது அஷார் ஆடு. எங்க ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரியும். அஷார் ஆட்டைச் சாப்பிட்டவங்க ஒரு கை வேலை செய்யாமப் போகக் கூடாது."

மாம்பெத் சிரித்தார். "சரிதான்! ஆணி அடிக்கவா?"

"ஆணி வேண்டாம். அலுவலகத்துல இப்போ ஒரு ஸ்ட்ரெச்சர் இருக்கு. என்னை அதுல வச்சு அக்கரைக்குத் தூக்கிட்டுப் போங்க. போய்ச் சேர்ந்ததும் பாலம் இருக்குன்னு நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"பைத்தியமா உனக்கு?" எர்மெக் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "தண்ணியப் பார்த்தியா?"

"நீங்க கட்டினதுதானே? தாங்காதா?"

"நடந்தா தாங்கும்."

"தூக்கிட்டுப் போனா?"

ஒன்பது நாள் அவனோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனிஷாய்க்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"சட்டம் சேர்ற இடத்துல மூணு பேர் கனம் விழுந்தா உள்வாங்கும்," என்றான் கடைசியில், எல்லோருக்கும் கேட்கும்படி. "விழாது. ஆனா ஆடும். நிறைய ஆடும்." பிறகு மாம்பெத்திடம் திரும்பினான். "சார், நீங்க முன்னால பிடிங்க. நான் பின்னால பிடிக்கிறேன். அந்த இடம் எனக்குத் தெரியும்."

மாம்பெத்துக்கு இப்போது சிரிப்பு இல்லை. இத்தனை பேர் முன்னால், வயிற்றில் அவர்கள் ஆட்டை வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. கனிஷாய் ஒருக்களித்துப் படுத்தாள். தூக்கியபோது மாம்பெத் முனகியது கேட்டது.

முதல் பாதி சரியாகத்தான் போனது. கான்வாஸ் துணி வழியாக ஆற்றின் குளிர் விலாவில் ஏறியது. நீலப் பலகை, பச்சைப் பலகை. பிறகு புதிய பலகைகள் நான்கு. மாம்பெத்தின் கால் அதில் பட்டதும் முன்பக்கம் சட்டென்று இறங்கியது. தண்ணீர் பலகை மேல் ஏறி அவர் ஷூவை நனைத்தது. அவர் நின்றுவிட்டார்.

"என்னால முடியாது," என்றார். "கீழ வச்சிருவோம். கையை எடுத்துக் கயித்தைப் பிடிக்கணும். கீழ வச்சிருவோம்."

"வைக்காதீங்க," என்றான் எர்மெக். அவன் குரல் அவள் தலைக்கு மேலே, மிக அருகில் கேட்டது. மூச்சு அவள் நெற்றியில் பட்டது. "நின்னா இன்னும் அதிகமா ஆடும். தண்ணியப் பார்க்காதீங்க சார், உங்க ஜீப்பைப் பாருங்க. இடது கால். இப்ப வலது. அவ்வளவுதான். இடது."

பாலம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கனிஷாய் வானத்தைப் பார்த்தாள், அதுவும் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து வயிறு இறுகியது. இந்த முறை அது இடுப்பிலிருந்து கிளம்பி முன்னால் வந்து சுற்றி இறுக்கியது. அவள் கத்தவில்லை. கத்தினால் எர்மெக் கை நடுங்கும் என்று தெரியும்.

அக்கரையில் ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் மாம்பெத் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. இக்கரையில் ஊரே அசையாமல் நின்றது. பிறகு அவர் பையைத் திறந்து, எழுதிய தாளை இரண்டாகக் கிழித்துவிட்டு, புதுத் தாளை முழங்காலில் வைத்து எழுதினார். ஆள் நடக்கும் தற்காலிகப் பலகை. நோயாளியைக் கொண்டுசெல்லத் தகுந்ததல்ல. வண்டிப் பாலம் அவசியம்.

"எழுதிட்டேன்மா," என்றார். "மேல இருக்கிறவங்க என்ன செய்வாங்கன்னு நான் சொல்ல முடியாது. பொய் சொல்ல விரும்பலை. அடுத்த வருஷம் வரலாம். வராமலும் போகலாம்."

"நீங்க பார்த்ததை எழுதினீங்களே, அது போதும்," என்று சொல்லிக் கனிஷாய் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்தது வந்தது. ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அது முடிந்து நிமிர்ந்தபோது எர்மெக் அவள் முகத்துக்கு நேராக நின்றான்.

"பொய் வலியா?"

"இல்லை."

"எப்போலேருந்து?"

"மத்தியானத்துலேருந்து. பொய்னுதான் நினைச்சேன்." அவள் டிரைவரைப் பார்த்தாள். "தம்பி, நான் திரும்பி அந்தப் பக்கம் போகப் போறதில்லை. உங்க வண்டியில இடம் இருக்கா?"

கேள்வி முடிவதற்குள் மாம்பெத் எழுந்து பின்சீட்டிலிருந்த பெட்டிகளை எடுத்துக் கீழே போட ஆரம்பித்தார். "இதெல்லாம் இங்கேயே கிடக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கலாம். ஏறும்மா, ஏறு." படம் எடுத்த பெண் இன்னும் ஊர்க் கரையில் தேநீர்க் கிண்ணத்தோடு நின்றாள். "நீ அங்கேயே இரு, வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்!" என்று கத்தினார்.

எர்மெக் பாலத்தைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான். "பை வீட்டுல இருக்கு. துணியெல்லாம் அதுலதான். ஓடிப் போய் எடுத்துட்டு—"

"ஏறுங்க," என்றாள் கனிஷாய்.

ஏறினான். ஜீப் கற்களின் மேல் குதித்துக் குதித்து ரோட்டைப் பிடித்தது. எர்மெக்கின் நனைந்த பூட்ஸ் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. கைகள் எதையோ தேடின. கதவுப் பிடியைத் தொட்டன, ஜன்னல் கண்ணாடியை இறக்கின, ஏற்றின.

"ஆஸ்பத்திரியில நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வெளியில பெஞ்சு இருக்கும். உக்காந்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க கூப்பிடற வரைக்கும்."

அவன் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முன்சீட்டில் மாம்பெத், இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று டிரைவரை நச்சரித்தார். கனிஷாய் எர்மெக்கின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"கடிகாரத்தைப் பாருங்க," என்றாள். "அடுத்தது வருது."

அவன் பார்த்தான். "போனதுக்கும் இதுக்கும் ஆறு நிமிஷம்," என்றான். சொன்னவன் நம்பிக்கையில்லாமல் மறுபடியும் பார்த்தான். "ஆறுதான்."